தோலுக்கு அடியில் ஓடும் வழி

விபத்தில் காலில் சதை பிய்ந்துபோனால், உடம்பின் வேறிடத்திலிருந்து தோலையும் சதையையும் அவற்றுக்கான ரத்தக் குழாயோடு எடுத்து வைத்துத் தைப்பார்கள். அந்தக் குழாயைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. மெல்லியது, ஆளுக்கு ஆள் இடம் மாறும். டாப்ளர் கருவியை வைத்து, ரத்தம் ஓடும் சத்தத்தைக் காதால் கேட்டே தேடுவார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும், பாருங்கள்!

லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் இதற்கு ஹோலோலென்ஸ் என்ற கண்ணாடியை அணிந்து பார்த்தார்கள். இம்பீரியல் கல்லூரிக் குழு 2018-இல் அந்த அனுபவத்தை வெளியிட்டது. முன்பே எடுத்த சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பு, தசை, குழாய் எல்லாம் முப்பரிமாணப் படமாகி, கண்ணாடி வழியே நோயாளியின் கால்மேலேயே தெரிந்தன. படம் காலோடு சரியாகப் பொருந்த, மருத்துவர் கையசைத்து நகர்த்தினார். கண்ணாடி காட்டிய இடத்தில் டாப்ளரை வைத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டது.