சைக்கிளின் பல்லை எண்ணுங்கள்



ஊரில் மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். பல்லைப் பார்த்தால் மாட்டின் வயது தெரியும். சைக்கிளுக்கும் பல் உண்டு. அந்தப் பல்லை எண்ணிப் பார்த்தால், அது எந்த வேலைக்கு ஏற்ற சைக்கிள் என்பது தெரியும். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். அந்த மாவட்டத்துப் பெண்கள் எழுத்தும் எண்ணும் கற்றார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும், வேலைக்குப் போகவும், படிப்பு மையத்துக்குப் போகவும் அவர்களுக்குச் சைக்கிள் உதவியது. சைக்கிளை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா? அதன் கணக்கும் தெரிய வேண்டும். கணக்குத் தெரிந்தால் நம் உழைப்பும் மிஞ்சும், உடம்பும் தப்பும்.

லேபர் கேம்பில் ஒரு குடும்பம்

மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சித்தி விடியுமுன் எழுந்து இட்லி அவிக்கிறார். சித்தப்பா இட்லிப் பாத்திரத்தையும் சாம்பார் வாளியையும் சைக்கிள் கேரியரில் கட்டுகிறார். ரப்பர் ஹாரனைப் 'பாம், பாம்' என்று அமுக்கிக்கொண்டு மாஹிம், தாதர் பக்கம் போகிறார். வழியில் ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம். ஏறும்போது அவருக்கு முழங்கால் வலிக்கிறது. பாதிப் பாலத்தில் இறங்கித் தள்ளுகிறார்.

அவருடைய அண்ணன் மகனுக்கு வயது 17. அவன் கைப்பேசியில் ஒரு படம் பார்த்தான். வெளிநாட்டுப் பையன்கள் மெல்லிய சைக்கிளில் வேகமாகப் போகிறார்கள். நின்ற இடத்திலேயே சைக்கிளை நிறுத்திச் சமன் செய்கிறார்கள். பின்பக்கமாகக்கூட ஓட்டுகிறார்கள். அந்தச் சைக்கிளில் பிரீவீல் இல்லை. பிரேக்கும் இல்லை. அவனுக்கும் ஆசை வந்துவிட்டது.

"சித்தப்பா, நம்ம சைக்கிள் பிரீவீலை வெல்டிங் வெச்சிரலாமா? செலவு கொஞ்சம்தான். நீங்க காலையில வியாபாரத்துக்குக் கொண்டு போங்க. சாயந்தரம் நான் ஓட்டுறேன்."

சித்தப்பா யோசித்தார். சித்தி மட்டும் கேட்டார்: "ஏலே, பாலத்துல இறங்கும்போது உன் சித்தப்பா கால் ஓஞ்சு போச்சுன்னா, இட்லியோட சேர்த்து அவரை யாருலே பிடிப்பா?"

பையனுக்குப் பதில் தெரியவில்லை. மூவரும் சைக்கிள் கடைக்குப் போனார்கள்.

பிரீவீல் என்ன செய்கிறது?

கடை மிஸ்திரி சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினார். பெடலைச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தார். பெடல் நின்றது. பின்சக்கரம் மட்டும் 'கிர்ர்' என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"இந்தச் சத்தம் பிரீவீலுக்குள்ளேயிருந்து வருது" என்றார். "உள்ளே சின்னக் கொக்கிகள் இருக்கு. முன்னே மிதிச்சா கொக்கி பிடிக்கும். மிதிக்காம விட்டா வழுக்கிக்கிட்டுப் போகும். அதனாலதான் இறக்கத்துல காலை ஆட்டாம உக்காந்து போறோம்."

பிக்சட் வீலில் இந்தக் கொக்கி இல்லை. பல்சக்கரம் பின்சக்கரத்தோடு இறுகப் பிடித்திருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். சைக்கிள் நிற்கும்வரை காலும் நிற்க முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைச் செய்தார். இன்றைய சைக்கிளுக்கு அதுவே முன்னோடி. அதிலும் பிரீவீல் கிடையாது. பிரீவீல் பரவலாக வந்தது 1900-ஆம் ஆண்டை ஒட்டித்தான். அது வந்த பிறகு இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கிடைத்தது.

பந்தயத் திடலில் இன்றும் பிக்சட் வீல் சைக்கிள்தான் ஓடுகிறது. அந்தமானைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர் ஓட்டியதும் இந்த வகைச் சைக்கிள்தான். அதில் பிரேக் கிடையாது. ஆனால் அந்தத் திடலில் எல்லோரும் ஒரே திசையில் ஓட்டுவார்கள். குறுக்கே பேருந்து வராது. ஆட்டோ திரும்பாது. குழந்தை ஓடி வராது. தொண்ணூறு அடிச் சாலை அப்படியா?

சித்தி எண்ணிய கணக்கு

மிஸ்திரி ஒரு சாக்குக்கட்டியை எடுத்துச் சித்தியிடம் கொடுத்தார். "நீங்கதான் சாயந்தரப் படிப்புக்குப் போறீங்களே. எண்ணுங்க பார்ப்போம்."

சித்தி பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல்லின் மேல் கோடு போட்டார். அங்கிருந்து தொடங்கி எண்ணினார். கோடு திரும்பி வந்தபோது 44. பின்னால் இருந்த பிரீவீலையும் எண்ணினார். 18.

பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2 முழுச் சுற்று, அதற்கு மேல் ஏறக்குறைய அரைச் சுற்று. அதாவது பெடல் ஒரு தடவை சுற்றினால் பின்சக்கரம் இரண்டரைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் போகும். ஆகவே ஒரு மிதிக்குச் சைக்கிள் சுமார் ஐந்தரை மீட்டர் போகிறது.

பின்னால் 22 பல் போட்டால் என்ன ஆகும்? 44-ஐ 22-ஆல் வகுத்தால் சரியாக 2. ஒரு மிதிக்குச் சுமார் நாலரை மீட்டர்தான். தூரம் குறைகிறது. ஆனால் மிதிக்க வேண்டிய பலமும் குறைகிறது. சமதரையில் கூடுதலாகச் சில மிதி மிதிக்க வேண்டும். பாலத்தில் முழங்கால் தப்பும்.

"சுமை வண்டிக்குப் பின்பல் கூடுதலா இருக்கணும். வேக வண்டிக்குக் குறைவா இருக்கணும். இவ்வளவுதான் அண்ணாச்சி" என்றார் மிஸ்திரி.

சித்தப்பா வியப்போடு பார்த்தார். இத்தனை ஆண்டு ஓட்டிய சைக்கிளின் கணக்கை அன்றுதான் அவர் தெரிந்துகொண்டார்.

பிறகு மிஸ்திரி பையனைப் பார்த்தார். "நீ சொல்ற பிக்சட் வீலுக்கும் இதே கணக்குதான். இறக்கத்துல மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம்னு வை. நிமிஷத்துக்கு 500 மீட்டர். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர். அப்போ நிமிஷத்துக்கு 90 தடவை கால் சுத்தணும். நிறுத்த முடியாது. பின்னால சுமை இருந்தா அது வேற தள்ளும். உன் சித்தப்பா காலால முடியுமா?"

பையன் தலையை ஆட்டினான். முடியாது.

முருங்கைக்காய்ப் பாடம்

கடையின் மூலையில் ஒரு பழைய சைக்கிள் கிடந்தது. அதன் பிரீவீலை யாரோ வெல்டிங் செய்திருந்தார்கள். மிஸ்திரி அதைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பெடலும் சேர்ந்து சுற்றியது. சித்தியின் பையிலிருந்து ஒரு முருங்கைக்காயை வாங்கிச் செயின் பக்கம் நீட்டினார். செயின் அதை இழுத்துப் பல்லுக்குள் கொண்டுபோனது. 'படக்' என்று முறிந்தது.

"இது விரலா இருந்தா?" என்றார்.

யாரும் பேசவில்லை. பிக்சட் வீலைச் சுற்றவிட்டுத் துணியால் செயின் துடைக்கவே கூடாது. துணி மாட்டினால் விரலும் கூடப் போகும். வேட்டி, புடவை, தாவணி, தளர்ந்த பேன்ட் எதுவும் செயினில் மாட்டக் கூடாது. பிரீவீல் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் செயின் நிற்கும். இதில் நிற்காது.

ஏன் வெல்டிங் கூடாது?

மிஸ்திரி இடது பெடலைக் கழற்றிக் காட்டினார். அதன் மரை எதிர்ப்பக்கம் திரும்பும். மிதிக்க மிதிக்கக் கழன்று விடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

பின்சக்கரத்தின் நடுவில் இருப்பது ஹப். பிரீவீல் அதில் மரையால் பொருந்தியிருக்கிறது. முன்னே மிதித்தால் மரை இறுகும். பிரீவீல் இருக்கும்போது பின்னே மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. கொக்கி வழுக்கிவிடும். ஆனால் வெல்டிங் செய்துவிட்டு, வேகத்தைக் குறைக்கக் காலால் பின்பக்கம் அழுத்தினால், அந்த மரையே கழலத் தொடங்கும். பிடிப்பு போய்விடும். வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரத்தில்தான் இது நடக்கும். வெல்டிங் சூட்டில் இரும்பின் பதமும் கெடும். பிறகு பிரீவீலைக் கழற்றுவதும் கடினம்.

பிக்சட் வீலுக்கென்றே தனி ஹப் உண்டு. அதில் இரண்டு மரை இருக்கும். முதல் மரையில் பல்சக்கரம் ஏறும். அதற்கு வெளியே இடது பெடலைப் போல எதிர்மரை இருக்கும். அதில் ஒரு பூட்டு வளையம் ஏறும். பல்சக்கரம் கழலப் பார்த்தால் பூட்டு வளையம் இன்னும் இறுகிப் பிடிக்கும். இதுதான் சரியான முறை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பையன் முகம் வாடிவிட்டது. சித்தப்பா அவன் தோளில் கை வைத்தார். "நம்ம வியாபார சைக்கிள் வேண்டாம்லே. வீட்டுல கிடக்குற பழசை எடுத்துக்க. ஆனா முறையாச் செய்."

அவனுக்கு மிஸ்திரி சொன்னதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: பின்சக்கரத்தின் அச்சு முன்னும் பின்னும் நகர இடம் வேண்டும். பிக்சட் வீலில் செயின் சரியான இழுப்பில் இருக்க வேண்டும். நடுவில் விரலால் தொட்டால் அரை அங்குலம் அளவு அசையலாம். தளர்ந்தால் கழன்று விழும். பழைய இந்திய சைக்கிள்களில் அச்சு நகர இடம் உண்டு. பல கியர் சைக்கிள்களில் இல்லை.

இரண்டு: துளைகளை எண்ணுங்கள். பழைய சைக்கிளின் பின் ரிம்மில் பெரும்பாலும் 40 துளை இருக்கும். புது ஹப்பில் 36 அல்லது 32 இருக்கலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்பி கோக்க முடியாது.

மூன்று: பின்சட்டத்தின் இரு காலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பந்தய ஹப்புக்கு வழக்கமாக 120 மில்லிமீட்டர் தேவை. இடம் இல்லாமல் நெம்பி நுழைக்கக் கூடாது.

நான்கு: முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். செயின் கோணலாக ஓடினால் பல் தேயும், செயின் கழலும்.

ஐந்து: பிரேக்கைக் கழற்றக் கூடாது. முன் பிரேக்கும் பின் பிரேக்கும் இரண்டும் இருக்கட்டும். பம்பாய் மழையில் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். அப்போது முன்கூட்டியே மெதுவாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிறகு பலமாக அழுத்த வேண்டும்.

ஆறு: வளைவில் மெதுவாகத் திரும்ப வேண்டும். பெடலை நிறுத்தி வைக்க முடியாததால், சாய்ந்து திரும்பும்போது அது தரையில் இடித்துக் கவிழ்த்துவிடும்.

ஏழு: இதில் சுமையும் ஏற்றக் கூடாது, ஆளையும் ஏற்றக் கூடாது. முதலில் ஆள் இல்லாத திடலில் பழக வேண்டும்.

பையன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். அதைச் சித்தி வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஐந்தாவதை ரெண்டு தடவை எழுதுலே" என்றார்.

பாலத்தில்

வியாபார சைக்கிளுக்கு 22 பல் பிரீவீல் போட்டார்கள். நான்கு பல் கூடியதால் செயின் போதவில்லை. அச்சை அரை அங்குலம் முன்னே நகர்த்தினார்கள். அந்த இடமும் இல்லாத சைக்கிளானால் செயினில் ஓர் அங்குலம் சேர்க்க வேண்டும். அச்சு நகர்ந்ததால் பிரேக் கட்டையையும் ரிம்முக்கு நேராகத் திருத்தினார்கள். இதை மறந்துவிடக் கூடாது.

மறுநாள் காலை சித்தப்பா பாலம் ஏறினார். வேகம் குறைவுதான். ஆனால் இறங்கித் தள்ளவில்லை. உச்சியில் போய் ஹாரனை அமுக்கினார். 'பாம், பாம்.' இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கொடுத்து, பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு இறங்கினார். பிரீவீல் 'கிர்ர்' என்று பாடிக்கொண்டே வந்தது.

பையன் பழைய சைக்கிளுக்காகக் காசு சேர்க்கத் தொடங்கினான். அவசரப்படவில்லை.

நண்பர்களே! ஆசைப்படுவது தவறில்லை. ஒரு வேலைக்கு ஏற்ற சைக்கிள் இன்னொரு வேலைக்கு ஏற்காது. அதைத் தெரிந்துகொள்ள எண்ணத் தெரிந்தால் போதும், வகுக்கத் தெரிந்தால் போதும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சைக்கிளை நிறுத்தி வையுங்கள். செயின் அசையாமல் இருக்கும்போது ஒரு பல்லின் மேல் கோடு போடுங்கள். முன்பல்லை எண்ணுங்கள். பின்பல்லை எண்ணுங்கள். வகுத்துப் பாருங்கள். முன்னே 48, பின்னே 16 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும்? அந்தச் சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிப் பாலம் ஏறலாமா? விடையை நாளை மாலை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.