தராசும் நியாயமும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



நன்னெறிப் பாடத்தின்போது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், ஆளுக்கொரு நியாயம் சொல்றாங்க. நான் மட்டும் ஏன் ஒழுங்கா இருக்கணும்?" என்று கேட்டான். "உட்காருடா!" என்று அதட்டிவிட்டேன். எனக்குப் பதில் தெரியாததே காரணம். இன்று உங்கள் முன்னிலையில் அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் பாட்டன்மார் கடையில் கட்டிக் கணக்கில் அரிசி வாங்கினார்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். பிறகு நாட்டில் கிலோ வந்தது. இரண்டுமே மனிதன் ஏற்படுத்திய அளவுகள்தாம். ஆனாலும் கடைக்காரர் 100 கிராம் குறைத்து நிறுத்தால், வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சோறு குறைகிறது. அந்தப் பசி கற்பனையா? கட்டியா கிலோவா என்று வாதாடலாம். குறைத்து நிறுப்பதை எந்த அளவும் ஒப்புக்கொள்ளாது.

நியாயமும் அப்படித்தான். அது மனிதன் மனத்தில் பிறந்ததாகவே இருக்கட்டும். அதை மீறும்போது அடுத்தவர் படும் வேதனை மெய். வாய்மை எது என்று சொல்ல வந்த வள்ளுவரும், பிறருக்குத் தீங்கு தராத சொல் என்றே விளக்கினார்.

இன்னொன்றும் உண்டு. நியாயம் வானத்தில் எழுதியிருந்தால் வானமே அதைக் காப்பாற்றும். நம் மனத்தில் மட்டுமே இருக்கிறது என்றால், நம்மை விட்டால் அதற்குக் காவல் யார்?

தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. அதட்டியது என் தவறு. கேள்விக்குப் பரிசு இல்லை. என் நன்றி உண்டு.