குவாண்டம் கணிப்பொறித் தொழிலும் நம் இல்லங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்து மரபு. இவ்வாண்டு அம்மரபினின்று சற்று விலகுகின்றோம். நம் காலனியில் இரண்டு வினாக்கள் உலவுகின்றமையே அதற்குக் காரணம். குவாண்டம் படிப்பு என்கிறார்களே, பிள்ளையை அதில் சேர்க்கலாமா என்பது ஒன்று. ஓய்வுபெறுங்கால் கைக்கு வரும் சேமநிதிப் பணத்தை அத்தொழிலின் பங்குகளில் இடலாமா என்பது மற்றொன்று.

முதலில் பொறியின் இயல்பைக் காண்போம். நாம் அறிந்த கணிப்பொறி, கோடிக்கணக்கான நுண்ணிய ஸ்விட்சுகளால் ஆயது. ஒவ்வொன்றும் 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டில் ஒரு நிலையில்தான் நிற்கும். குவாண்டம் கணிப்பொறியின் உறுப்பாகிய க்யூபிட்டோ இரு நிலைகளும் கலந்து நிற்க வல்லது. எல்லா விடைகளையும் ஒரே நொடியில் சோதித்துவிடும் என்று செய்தித்தாள்கள் எழுதுவது பாதி உண்மையே. ஹூக்ளியில் இரண்டு படகுகள் எழுப்பும் அலைகள் சந்திக்கும்போது சில இடங்களில் நீர் உயர்கிறது. சில இடங்களில் அலையை அலை அழித்து அடங்குகிறது. அதுபோலத் தவறான விடைகளின் அலைகள் தம்முள் அழியவும், சரியான விடையின் அலை ஓங்கவும் கணக்கை அமைப்பதே இக்கலை. இதற்கு இசையும் கணக்குகள் சிலவே. மருந்துக்கும் மின்கலத்துக்கும் ஏற்ற மூலக்கூறுகளை ஆராய்தல், பேரெண்களைக் காரணிகளாகப் பகுத்தல் போன்றவை அவை. நம் ரயில்வே அலுவலகத்துச் சம்பளப் பட்டியலுக்கு இப்பொறி வேண்டுவதில்லை.

இக்கலையின் வேர்களுள் சில இந்நகரத்து மண்ணில் உள்ளன. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். அலுவல் போக எஞ்சிய பொழுதிலே பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ந்தார். அங்கே 1928-இல் இராமன் விளைவு வெளிப்பட்டபோது உடனிருந்து உழைத்தவர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். இருவரும் நம்மைப்போல் தெற்கிலிருந்து வந்தவர்கள். இந்நகரிலேயே பிறந்த சத்தியேந்திரநாத் போஸ், 1924-இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கட்டுரை, ஒளித்துகள்களை எண்ணும் முறையையே மாற்றிற்று. 1950-களின் நடுவில் பாராநகர்ப் புள்ளியியல் கழகம் இங்கிலாந்திலிருந்து ஒரு கணிப்பொறியைத் தருவித்து இயக்கியது. 1966-இல் அக்கழகமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடித் தாமே ஒன்றைச் செய்து முடித்தன.

பின்னர் நடந்தது யாது? இராமன் விளைவைக் கொண்டு பொருள்களைச் சோதிக்கும் கருவிகள், 1960-இல் லேசர் தோன்றிய பிறகு உலகெங்கும் விற்பனைப் பொருளாயின. அவற்றை விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர் அயல்நாட்டார். கணிப்பொறித் தொழில் பெங்களூருக்கும் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் சென்றது. அதன் பின்னே நம் பிள்ளைகளும் சென்றனர். இம்மண்டபத்தின் காலி நாற்காலிகளைக் காணுங்கள்.

இனி, புதிய வாணிபம். கனடாவின் டி-வேவ் நிறுவனம் 2011-இலேயே தன் பொறியை அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டினுக்கு விற்றது. எனினும் க்யூபிட் மிக மெல்லியது. சிறு வெப்பமும் அதிர்வும் அதைக் கெடுத்துவிடும். மீக்கடத்தியால் ஆன வகையைச் சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 273 பாகை வரை குளிர்விக்க வேண்டும். அப்போதும் பிழைகள் ஓயவில்லை. 2024 டிசம்பரில் கூகிள் வெளியிட்ட 105 க்யூபிட் 'வில்லோ' சில்லு, க்யூபிட்டுகளைக் கூட்டிப் பிழையைக் குறைக்க இயலும் என்று செய்து காட்டியது. பெரும் படிதான், ஆனால் வாணிபருக்கு இலாபம் ஈட்டித் தரும் பொறி இன்னும் பிறக்கவில்லை. குளிர்விக்கும் யந்திரம், நுண்ணலைக் கம்பி, லேசர் ஆகியவற்றைச் செய்வோருக்கோ இன்றே வேலை இருக்கிறது. தேர் நிலைக்கு வருமுன்பே பூக்கடைக்காரருக்கு வரும்படி வந்துவிடுகிறது அல்லவா?

பூட்டு வாணிபமும் அத்தகையதே. பேரெண்ணைப் பகுக்கும் குவாண்டம் வழியைப் பீட்டர் ஷோர் 1994-இல் கண்டார். இணையவழி வரவுசெலவைக் காக்கும் பூட்டுகள் பல, அப்பகுப்பின் அருமையையே நம்பி நிற்பவை. அத்தகைய பூட்டு ஒன்றை உடைக்கப் பத்து லட்சத்துக்குக் குறைந்த க்யூபிட்டுகள் போதும் என்று 2025-இல் கூகிள் ஆய்வாளர் ஒருவர் கணித்துள்ளார். இன்றைய பொறிகள் அதற்கு வெகு தொலைவில் உள்ளன. ஆயினும் இன்று களவாடி வைத்த மறைமொழியை நாளை திறக்கலாம் அன்றோ? ஆதலால் அமெரிக்கத் தரநிர்ணய நிலையம் 2024 ஆகஸ்டில் புதிய பூட்டு முறைகளை வெளியிட்டது. வங்கிகள்தோறும் பழைய பூட்டை மாற்றும் வேலை, குவாண்டம் பொறி நிறைவுறாவிடினும் நடந்தே தீரவேண்டிய வேலை.

நம் அரசு 2023 ஏப்ரலில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. அதன் நான்கு மையங்களுள் கணிப்பொறிக்குரியது பெங்களூரில். செய்தித்தொடர்புக்குரியது சென்னை ஐ.ஐ.டி.யில்; ஏனைய இரண்டும் பம்பாயிலும் டில்லியிலும் உள்ள ஐ.ஐ.டி.களில். போஸின் நகரம் அந்நான்கில் இல்லை.

சேமநிதியைப் பற்றிக் கேட்டோருக்கு நம் விடை: வேண்டாம். 2025 ஜனவரியில் என்விடியா நிறுவனத் தலைவர், பயன்தரும் பொறி வரப் பதினைந்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகலாம் என்றார். மறுநாளே அயான்கியூ என்னும் நிறுவனத்தின் பங்கு விலை நூற்றுக்கு நாற்பது அளவில் வீழ்ந்தது. சில மாதங்களில் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஒருவர் வாய்ச்சொல்லால் உயர்ந்து தாழும் பொருளில், மகளின் திருமணத்துக்கு வைத்த பணத்தை இடுவது தகாது.

பிள்ளைகளைப் பற்றிய விடை வேறு. ஆறு வாரப் பயிற்சிக்குப் பெரும் கட்டணம் வாங்கிக் குவாண்டம் பட்டயம் தருவோரை நாடாதீர்கள். பௌதிகம், கணிதம், மின்னணுவியல் இவற்றை ஆழக் கற்பிக்கும் கல்லூரி போதும். கல்லூரிக்குப் போகாத பிள்ளைக்கும் இடமுண்டு. காற்றகற்றிய கலத்தைக் கசிவின்றிப் பற்றவைக்கவும், குழாயும் பம்பும் பழுதுபார்க்கவும் வல்ல கைகள் இத்தொழிலுக்கு வேண்டும். கப்பல் கட்டும் துறையிலும் கரக்பூர்ப் பட்டறையிலும் உழைத்தோர் நிறைந்த நம் குடும்பங்களுக்கு அது அயலான வேலையன்று.

சால்ட் லேக்கில் போஸின் பெயரால் 1986-இல் நிறுவிய தேசிய மையம் இருக்கிறது. முப்பது மாணவர்கள் சேர்ந்தால், ஒருநாள் சென்று காண இசைவு கேட்டு எழுதுவோம். பெயர் கொடுக்க விரும்புவோர் பந்திக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். பாயசத்துக்குப் பின் நம்மைத் தேடினால் அகப்படமாட்டோம்.