மட்காட்டை எவ்வளவு வெட்டலாம்?



வழக்கமாக இந்த நேரத்தில் வருமானவரி, வீட்டுக்கடன் என்று பேசுகிறவன் நான். இன்று கதை வேறு. 2024 வைகாசியில் எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு நான்கு சில்லு வண்டியின் பிளாஸ்ரிக் மட்காட்டை நானும் மகனும் வெட்டினோம். அந்த அனுபவத்தைத்தான் சொல்லப் போகிறேன். "கணக்காளருக்கு ஏன் இந்த வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டா.

பிள்ளைகள் ஏ.ரி.வி. என்று சொல்லும் வண்டி இது. மோட்டார்ச் சைக்கிளைப் போலக் கைபிடியும் கொழுத்த நான்கு ரயர்களும் இருக்கும். காட்டுப் பாதைக்கும் சேற்றுக்கும் ஏற்றது. ரொறன்ரோவுக்கு வெளியே காணியோடு வீடு வாங்கிய நம்மவர் பிள்ளைகள் சிலரிடம் இப்போது இது இருக்கிறது. மகன் பழைய வண்டி ஒன்றை வாங்கி, 25 அங்குல ரயர்களைக் கழற்றிவிட்டு 27 அங்குல ரயர்களைப் போட்டான். கைபிடியை முழுவதும் திருப்பினால் முன்ரயர் மட்காட்டில் உரசிக் கிறீச்சிட்டது. மேடு பள்ளத்தில் பின்ரயரும் உரசியது. "ஓரம் முழுக்க வெட்டி எறிவம் அப்பா" என்று வாளோடு வந்து நின்றான்.

எனக்கு உடனே 1995 ஐப்பசி 30 நினைவுக்கு வந்தது. வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்த அந்த இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நாவற்குழி தாண்டி ஓர் ஒழுங்கையில் சைக்கிள் மட்காட்டுக்குள் சேறு இறுகி, பின்சில்லு சுற்ற மறுத்தது. நான் ஆத்திரத்தில் மட்காட்டைப் பிடுங்கி வேலிக்குள் எறிந்துவிட்டேன். சில்லு சுற்றியது. ஆனால் அது வாரி அடித்த சேறெல்லாம் கரியரில் கட்டியிருந்த பையில்தான் விழுந்தது. என் ஏ.எல். சான்றிதழின் ஓரத்தில் அந்தக் கறை இன்றும் இருக்கிறது. மட்காட் எதற்கு என்பதை அதை எறிந்த பிறகுதான் யோசித்தேன்.

ஆகவே மகனிடம், "முதலில் எங்கே உரசுகிறது என்று பார்ப்போம்" என்றேன். 25க்கும் 27க்கும் இரண்டு அங்குல வித்தியாசம் என்றாலும் அது விட்டம். மையத்திலிருந்து பார்த்தால் ஓர் அங்குலம்தான் கூடுகிறது. அதற்கு நான்கு அங்குலம் வெட்டுவது எந்தக் கணக்கு?

வண்டியைக் கழுவிக் காயவிட்டு, ரயரின் ஓரங்களில் வெண்கட்டியைத் தடவினோம். வண்டி சும்மா நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. ஸ்பிரிங் அமுங்க வேண்டும். நானும் மச்சானும் முன்கரியரில் ஏறி இருந்தோம். எங்கள் இருவரின் எடையை இங்கே சொல்ல மாட்டேன், ஆனால் வண்டி நன்றாகவே அமுங்கியது. மகன் கைபிடியை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பினான். மட்காட்டின் உட்புறத்தில் வெண்கட்டி பட்ட இடங்கள் தெரிந்தன. முன்பக்கம் ஒவ்வொரு மட்காட்டிலும் உள்ளங்கை அளவு ஓர் இடம், அவ்வளவுதான். அதைச் சுற்றி ஒரு விரல் அகலம் கூட்டி, காட்போட் மட்டையில் அச்சு வெட்டினோம். அதே மட்டையைத் திருப்பி வைத்தால் மற்றப் பக்கத்துக்கும் அளவு சரி. மாஸ்கிங் ரேப் ஒட்டி, அதன் மேல் கோடு கீறினோம்.

இந்த மட்காட்டுகள் பெரும்பாலும் பொலிஎதிலீன் அல்லது பொலிபுறப்பிலீன் வகைப் பிளாஸ்ரிக். கடும் குளிரில் இவை விறைத்து வெடிக்கும். தை மாதக் கராஜில் இந்த வேலை வேண்டாம். சூடு கூடினால் உருகும். இது தெரியாமல் சுழலும் சிறு வெட்டுக் கருவியை முழு வேகத்தில் பிடித்தது நான்தான். பிளாஸ்ரிக் வெட்டுப்படாமல் உருகி, வெட்டின இடம் பின்னால் திரும்ப ஒட்டிக்கொண்டு வந்தது. கை இழுபட்டுக் கோட்டைத் தாண்டி அரை அங்குலம் போய்விட்டது. கணக்கில் பிழை விட்டால் வழுத்திருத்தம் செய்யலாம். இதற்கு என்ன செய்வது? மகன் ஒன்றும் பேசாமல் கருவியை வாங்கி வேகத்தைக் குறைத்தான்.

பிறகு ஒழுங்காக நடந்தது. மட்காட்டின் பின்னால் வயர், எரிபொருள் குழாய் போகிறதா என்று பார்த்தோம். கண்ணாடி போட்டோம். மூலைகளைக் கூராக விடாமல், முதலில் துளை போட்டு வளைவாக வெட்டினோம். கூர் மூலையிலிருந்துதான் பிற்காலத்தில் வெடிப்பு ஓடும். பிசிறைக் கத்தியால் சீவி, சாண்ட் பேப்பரால் தேய்த்தோம்.

பின்பக்கத்தில்தான் வாக்குவாதம் வந்தது. உரசின இடம் கால்மிதிக்கும் பின்சில்லுக்கும் இடையில் இறங்கும் பகுதி. ஓட்டுகிறவரின் கால் மிதியிலிருந்து வழுக்கினால், பின்சில்லு காலை உள்ளே இழுக்காமல் தடுப்பது அந்தப் பிளாஸ்ரிக்தான். "எல்லாரும் வெட்டினம் அப்பா. நீங்கள் ஓடுறேல்லையே" என்றான். உண்மைதான், நான் ஓடுவதில்லை. வீட்டில் இருந்து அவன் திரும்பி வரும் சத்தத்தைக் கேட்கிறவன் நான். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் கதைக்கவில்லை.

மச்சான்தான் வழி சொன்னார்: வெட்டாமல் வளைப்போம். சூட்டுக்காற்றுக் கருவியை ஓர் இடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்துப் பிடித்து, பிளாஸ்ரிக் இளகியதும் தடித்த கையுறையோடு மரக்கட்டையால் முன்னுக்குத் தள்ளி, ஆறும்வரை பிடித்திருந்தோம். முக்கால் அங்குலம் கிடைத்தது. உரசல் நின்றது.

இன்னொரு கணக்கும் உண்டு. ரயர் 8 சதவீதம் பெரிதானதால், வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி 54இல் போகும். வண்டியின் உயரமும் ஓர் அங்குலம் கூடியதால் சரிவில் புரளும் வாய்ப்பும் கூடுகிறது. விற்கும்போது வெட்டின மட்காட்டுக்கு விலை குறையும். அந்தப் பெறுமானத்தேய்வை மகன் தன் பெயரில் எழுதிக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை காட்டிலிருந்து தொலைபேசி எடுத்தான். "சத்தம் இல்லை அப்பா. ஆனால் உங்கட பக்கத்தால சேறு அடிக்குது" என்றான். நான் அரை அங்குலம் கூட வெட்டின பக்கம்.

அடுத்த மாதம் வருமானவரியோடு வருகிறேன். வணக்கம்.