பீலிக்கரைப் பேச்சு



வேலை முடிந்து பீலிக்கரையில் நாலு பேர் கூடினால் நாம் என்ன பேசுகிறோம்? "அவ புள்ள வளர்த்த லட்சணத்தப் பாத்தியா?" "அவன் சம்பளமெல்லாம் எங்க போகுதுன்னு தெரியாதா?" இப்படித்தானே! நாமும் அதில் சேர்ந்துதான் இருக்கிறோம். மற்றவரைக் குறை சொல்வது நமக்கு வெற்றிலை போடுவது போல ஆகிவிட்டது.

இதன் வலி வன்னிக்குப் போன நம் சொந்தங்களுக்குத் தெரியும். 1977 கலவரத்தில் அடிபட்டு, ஆயிரக்கணக்கான மலையகத்தார் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனார்கள். காடு வெட்டினார்கள், கூலிக்கு வயலில் இறங்கினார்கள். அங்கே கேட்ட பேச்சு என்ன? "தோட்டக்காட்டான். காணியுமில்ல, உறுதியுமில்ல."

உறுதி ஏன் இல்லை என்று யார் யோசித்தார்கள்? 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. நாடற்றவனுக்கு அரச காணி எப்படிக் கிடைக்கும்? மிச்சமிருந்தவர்களுக்கு வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. குறை சட்டத்தில் இருந்தது. பழி மனிதன் தலையில் விழுந்தது.

நாம் மட்டும் யோக்கியமா? "தோட்டத்த விட்டு ஓடினவன்தானே" என்று அவர்களை நாமும் சொன்னோம். 2009இல் யுத்தம் முடிந்து முள்வேலி முகாமில் அவர்கள் கிடந்தபோதும், "இங்கேயே இருந்திருக்கலாமே" என்றவர்கள் நம்மில் உண்டு. அந்த நேரத்தில் ஒரு ஆறுதல் சொல் போதாதா?

1970களில் வவுனியாவில் காந்தீயம் என்ற இயக்கம் இருந்தது. டாக்டர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் அதை நடத்தினார்கள். வந்த அகதியிடம் என்ன குறை என்று அவர்கள் தேடவில்லை. என்ன தேவை என்று கேட்டார்கள். காணி, பாலர் பள்ளி, வைத்தியம் என்று வேலை நடந்தது. டாக்டர் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவர் குடியமர்த்த உதவிய மக்கள் அவரை மறக்கவில்லை.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. சம்பளம் குறைந்தால், லயம் ஒழுகினால் துரையிடமும் சங்கத்திடமும் கேட்கத்தான் வேண்டும். அது உரிமை. பக்கத்து காம்பிராக்காரரிடம் தப்பைக் கண்டால், ஊரெல்லாம் சொல்லாமல், அவரிடமே, தனியாக, ஒரு தடவை சொல்லுவோம். சொன்ன கையோடு, "நாங்க என்ன செய்யணும்?" என்றும் கேட்போம்.

நாளைக்கே பீலிக்கரையில் இதைத் தொடங்குவோம்.