முதற் பாட்டுக்கு ஒரு புரவலர்

கடல்கடந்த மண்ணிலும் தமிழை விடாமல் பேசிவரும் உங்கள் சங்கத்தின் முன், வடசென்னை மணலியிலிருந்து வந்து நிற்கிறேன்.

மணலி என்றதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உரத் தொழிற்சாலையும், துறைமுகத்தை நோக்கி இரவு பகலாக ஊர்ந்துசெல்லும் கண்டெய்னர் லாரிகளுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. ஆனால் 1969-இல் அந்தச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்குவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே, கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்புத் தரகராக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், இசைப்புலவர் இராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு வரவழைத்து ஆதரித்தார். அவருடைய மைந்தர் சின்னையா முதலியாரின் காலத்திலும் அந்த ஆதரவு குன்றவில்லை. தீட்சிதரின் புதல்வர் பாலுசுவாமி ஐரோப்பியப் பிடிலைப் பயின்று அதைக் கருநாடக இசைக்கு உரிய வாத்தியமாக்கியதும், மூத்தவரான முத்துசுவாமி வெள்ளையரின் பாண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்ததும் அந்த நிழலிலே விளைந்த விளைவுகளே. காசி யாத்திரை முடித்து மணலிக்கு மீண்ட முத்துசுவாமி, பின்னர்த் திருத்தணிகைக்குச் சென்று, மாயாமாளவகௌள ராகத்தில் தம் முதற் கீர்த்தனையைப் பாடினார் என்று சம்பிரதாயம் கூறுகிறது. அந்த முதற் பாட்டை முருகனின் அருள் என்று பக்தர்கள் போற்றுவர், நானும் போற்றுகிறேன். ஆயினும், பாட்டு ஒன்றும் பிறவாத அத்தனை ஆண்டுகளிலும் அக்குடும்பத்துக்குச் சோறும் கூரையும் அளித்த கைகளையும் நாம் மறத்தல் ஆகாது.

அந்த மணலியையும், அதையடுத்த திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பகுதிகளையும் இன்று தம் உழைப்பால் தாங்கிநிற்கும் மக்களுக்கும் ஓர் இசை உண்டு, அது கானா. துறைமுகத்திலும் ஆலைகளிலும் மூட்டை சுமந்தும் இயந்திரம் ஓட்டியும் வாழ்ந்தவர்கள், சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபைத் தம் முன்னோர் வரிசையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள், சட்டியையும் டோலக்கையும் பேஞ்சோவையும் துணைகொண்டு வளர்த்த இசை அது. அதற்கு முதலியார்கள் கிடைக்கவில்லை. இறந்தவர் வீட்டு வாசலில், பந்தலின் கீழ், விடிய விடியப் பாடி, அந்த ஏழை வீட்டார் கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு போவதே கானாப் பாடகர்களின் கதியாயிருந்தது. தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா அந்த மெட்டைத் திரைக்குக் கொண்டுசென்றார். 2006-இல் கானா உலகநாதனும், 2012-இல் கானா பாலாவும் திரைப்பாட்டால் நாடறியப் பெற்றனர். சினிமா செய்த உபகாரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திரையில் ஒலிக்கும் பாட்டு காட்சிக்கு உரியது. பாடகனின் நெஞ்சிலே அன்றைக்கு எது கனன்றதோ அதைப் பாட அங்கே இடமில்லை.

2017-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, எந்தப் படத்தையும் சாராமல், 'சென்னை பொறம்போக்கு பாடல்' வெளிவந்தது. பாடலாசிரியரும் பாடகருமான கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழிலே இயற்ற, ஆர். கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைக்க, கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பாடினார். பதினான்கே நாளில், ஜனவரி 28-ஆம் தேதி, எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்க, மக்கள் அதை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்த நீர் பாய்ந்து, எண்ணூர் மீனவர்களின் வலைகளும் படகுகளும் கறுத்தன. கீழ்மக்கள் பேச்சு என்று ஒதுக்கப்பட்ட தமிழை ஆனந்தபைரவியிலே அமர்த்திய அந்தப் பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும், அது எங்களுக்காக, எங்கள்மேல் அன்புகொண்ட பிறர் பாடியது. எங்களவரே தமக்காகப் பாடுவது வேறு.

அதுவும் நிகழ்ந்தது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி, கீழ்ப்பாக்கத்தில், திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு தன் முதற் கச்சேரியை நிகழ்த்தியபோது, பத்தொன்பது கலைஞர்களுக்கு இடையே நின்ற ஒரே பெண், வடசென்னை மகள் இசைவாணி. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவை ஒரு பெண் தன் குரலிலே பாடியதை உலகம் கவனித்தது. 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் வரிசையில் அவர் பெயரும் இடம்பெற்றது. 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது மேடையிலே தமிழுக்கு இடம் கேட்டார்கள், நியாயமாகவே கேட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்ட தமிழில் எங்கள் தெருவின் தமிழ் அடங்கியிருக்கவில்லை. அந்தக் குறை அன்று கீழ்ப்பாக்கத்திலே சிறிது தீர்ந்தது.

கடல்கடந்த தமிழர்களும் இதில் பங்குபெற்றதை நீங்கள் அறிவீர்கள். அரக்கோணத்து அறிவும் பாடகி தீயும் பாட, 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனின் இசையில் உலகெங்கும் ஒலித்த 'என்ஜாய் எஞ்சாமி', கனடாவாழ் தமிழர் தொடங்கிய ஓர் இசைத்தளத்தின் வழியே வெளிவந்தது. தேயிலைத் தோட்டத்திலே உழைத்த, அறிவின் பாட்டியின் நினைவு, ஒரு தனிப் பாட்டாகக் கோடிக்கணக்கான செவிகளை எட்டியது. ஆனால் அதன் வருவாய் தமக்கு வந்து சேரவில்லை என்று 2024-இல் இசையமைப்பாளரே வெளிப்படையாகக் கூறினார். அந்த விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கலைஞரின் பெயரும் பங்கும் எழுத்திலே உறுதிப்படாத ஆதரவு எவ்வளவு பெரிதாயினும் மனக்கசப்பில் முடியக்கூடும் என்பதை மட்டும் எடுத்துச்சொல்கிறேன்.

ஆதலால், உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் திரையிசைப் பாடகர்களைப் பெரும்பொருள் செலவிட்டு அழைக்கிறீர்கள், அழையுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவர்களோடு ஒரு மணி நேரத்தை, இன்னும் ஒரு பாட்டும் வெளியிடாத ஒரு வடசென்னைப் பாடகருக்கு ஒதுக்குங்கள். திரைப்பாட்டைப் பாடும்படி அவரைக் கேட்காதீர்கள். அழைப்பிதழில் பாடகர் என்று மட்டும் அல்லாமல் பாடலாசிரியர் என்றும் அவர் பெயரை அச்சிடுங்கள். அந்த முதற் பாட்டைப் பதிவுசெய்யும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். உரிமை அவரிடமே இருக்கட்டும். அவ்வாறு நீங்கள் முடிவுசெய்வீர்களாயின், மணலியிலும் ராயபுரத்திலும் தக்கவரைத் தேடி உங்களுக்கு அறிமுகம் செய்யும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.