எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு ரயில் கேக்



பிறந்தநாளுக்கு ரயில் கேக் செய்வது கடினமல்ல. வந்த பிள்ளைகள் எல்லாரும் பயமில்லாமல் சாப்பிட வேண்டும், அதுதான் முக்கியம்.

அழைக்கும்போதே, எது ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிடுங்கள். நம் குடியிருப்பில் முட்டை சாப்பிடாத வீடுகள் நிறைய. ஒரு பிள்ளை மட்டும் வெறும் தட்டோடு நிற்கக் கூடாது.

முட்டையில்லாத கேக்குக்கு ஒன்றரை கப் மைதா, ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா. பிரெட் டின்னில் ஊற்றி, 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள்.

நன்றாக ஆறியபின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிப் பின்பக்கம் மேலே வைத்தால் டிரைவர் அறை. கிரீம் பிஸ்கட்தான் சக்கரம். துண்டுகளை ஒட்ட வெண்ணெய்க் கிரீம் போதும். பல் குத்தும் குச்சியை உள்ளே செருக வேண்டாம், குழந்தையின் வாயில் போய்விடும்.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். துணிச் சாயமான ரோடமின் பி கலந்திருந்ததே காரணம். ஆகவே பெயரில்லாத பொட்டலச் சாயத்தைத் தொடாதீர்கள். பழுப்புக்குக் கோகோ, இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட் சாறு இருக்கிறது.

வெண்ணெய்க் கிரீம் நம்மூர் வெயிலில் உருகும். வெட்டுவதற்கு அரை மணி முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் போதும்.

முதல் துண்டை எந்தப் பிள்ளைக்கும் யோசிக்காமல் நீட்ட முடிந்தால், கேக் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.